ரெப்போ குறைந்தால் பங்கு ஏறுமா? கரிசல் காட்டிலிருந்து ஒரு பதில்

2021 டிசம்பர் 1-ஆம் தேதி தீப்பெட்டியின் விலை ஒரு ரூபாயிலிருந்து இரண்டு ரூபாய் ஆனது. 2007-இல் ஐம்பது காசு ஒரு ரூபாய் ஆன பிறகு பதினான்கு ஆண்டுகள் அசையாமல் நின்ற விலை அது. சிவப்புப் பாஸ்பரஸ் கிலோ 425 ரூபாயிலிருந்து 810 ரூபாய்க்குப் போய்விட்டது. மெழுகு 58-லிருந்து 80 ஆனது. இனித் தாங்காது என்று தீப்பெட்டி உற்பத்தியாளர் சங்கங்கள் சிவகாசியில் கூடி முடிவெடுத்தன. விலைவாசி கை மீறிவிட்டது என்பது கோவில்பட்டியில் கட்டை அடுக்கும் பெண்கள் முதல் லாரி புக்கிங் ஆபீஸ்காரர் வரை எல்லோருக்கும் அன்றே தெரியும். ரெப்போவை, அதாவது வங்கிகளுக்குத் தான் கொடுக்கும் கடனுக்கான வட்டியை, ரிசர்வ் வங்கி ஏற்றுவதற்கு அதற்குப் பிறகும் ஐந்து மாதம் ஆனது.

எனக்குக் கோவில்பட்டியில் உளுந்து, பாசிப்பயறு, மக்காச்சோளத்துக்குக் கமிஷன் கடை. அப்பா காலத்துக் கடை. விளாத்திகுளம், புதூர், நாகலாபுரம், எட்டயபுரம் பக்கத்துச் சம்சாரிகள் தை, மாசியில் மூட்டையைக் கொண்டுவந்து இறக்குவார்கள். காலையில் விருதுநகர் மார்க்கெட் விலையைக் கேட்டுவிட்டுத்தான் கல்லாவைத் திறப்பேன். பங்குச் சந்தையிலும் நெடுநாளாகப் பணம் போட்டு வருகிறேன். அதனால் ரிசர்வ் வங்கி கவர்னர் டிவியில் பேசி முடித்த பத்தாவது நிமிடம் யாராவது கடைப்படி ஏறிவிடுவார்கள். "அண்ணாச்சி, ரெப்போவைக் கொறைச்சிட்டாங்களாம்லா, எந்தப் பங்கு வாங்கலாம்?"

அந்தக் கேள்வியை நான் லேசாக எடுத்துக்கொள்வதில்லை. கேட்பவர் கையில் இருப்பது பெரும்பாலும் மகள் கல்யாணத்துக்கு வைத்த பணம், அல்லது மில்லில் முப்பது வருஷம் உழைத்து வாங்கிய கிராஜுவிட்டி. வட்டி குறைந்தால் பங்கு ஏறும், வட்டி ஏறினால் பங்கு இறங்கும் என்ற ஒற்றை வரியை நம்பி அந்தப் பணத்தை அசைக்கப் பார்க்கிறார்கள். அந்த வரி தவறு என்பதற்கு 2022 முதல் 2025 வரையிலான நான்கு ஆண்டுகளே சாட்சி.

2022 மே 4-ஆம் தேதியை எடுத்துக்கொள்வோம். எல்ஐசி பங்கு வெளியீடு தொடங்கிய நாள். இந்த வட்டாரத்தில் எல்ஐசி பாலிசி இல்லாத வீட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். பாலிசிதாரருக்கு 60 ரூபாய் தள்ளுபடி உண்டு என்றதும், வாழ்க்கையில் முதல்முறையாக டீமேட் கணக்கு திறந்தவர்கள் எட்டயபுரம் ரோட்டில் மட்டுமே எத்தனையோ பேர். அன்று மதியம் இரண்டு மணிக்கு, யாரும் எதிர்பாராத நேரத்தில், அப்போதைய கவர்னர் சக்திகாந்த தாஸ் தோன்றி ரெப்போ வட்டி 4 சதவீதத்திலிருந்து 4.40 ஆகிறது என்றார். வழக்கமான கூட்டத்துக்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது. சென்செக்ஸ் அன்றைக்கே 1,307 புள்ளி சரிந்து 55,669-இல் முடிந்தது. அன்றிரவு அமெரிக்க ஃபெடரல் ரிசர்வும் அரை சதவீதம் ஏற்றியது.

எல்ஐசி விண்ணப்பம் மே 9-இல் முடிந்தது. மே 12-இல் ஏப்ரல் மாதப் பணவீக்கம் வெளிவந்தது: 7.79 சதவீதம், எட்டு ஆண்டுகளில் அதிகம். மே 17-இல் பங்கு பட்டியலிடப்பட்டது. 949 ரூபாய்க்கு வெளியிட்ட பங்கு முதல் நாளை 875 ரூபாய் அளவில் முடித்தது. தள்ளுபடி போக 889 ரூபாய்க்கு வாங்கிய பாலிசிதாரருக்கும் முதல் நாளே நஷ்டம். விலை சரிந்ததற்கு வட்டி மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் டீமேட் கணக்கைத் திறந்த இரண்டே வாரத்துக்குள் பணவீக்கம், ரெப்போ, அமெரிக்க வட்டி மூன்றும் ஒருசேர வந்து இறங்கியதை எங்கள் ஊர் மக்கள் அப்படித்தான் சந்தித்தார்கள். பயந்து விற்றவர்கள் பலர். 2024 பிப்ரவரியில் அதே பங்கு 1,000 ரூபாயைத் தாண்டியது. அப்போது ரெப்போ வட்டி எவ்வளவு? 6.50. அவர்கள் பயந்து விற்றபோது இருந்ததைவிட இரண்டு சதவீதத்துக்கும் மேல் அதிகம்.

மொத்தச் சந்தைக்கும் இதே கதைதான். 2022 மே முதல் 2023 பிப்ரவரி வரை ரிசர்வ் வங்கி வட்டியை ஏற்றிக்கொண்டே போனது. பிறகு இரண்டு ஆண்டுகள் 6.50-இலேயே நிறுத்தி வைத்தது. அந்தக் காலத்தில்தான் சென்செக்ஸ் முப்பதாயிரம் புள்ளிக்கு மேல் ஏறி, 2024 செப்டம்பர் 26 அன்று 85,836 என்ற உச்சத்தில் முடிந்தது. 2025-இல் வட்டி நான்கு முறை குறைந்தது. பிப்ரவரியில் 6.25, ஏப்ரலில் 6, ஜூனில் 5.50, டிசம்பரில் 5.25. அந்த ஆண்டு முழுவதும் சென்செக்ஸ் கொடுத்தது சுமார் 9 சதவீதம். 'வட்டி குறையட்டும், அப்புறம் வாங்கலாம்' என்று காத்திருந்தவர் எதைக் கோட்டைவிட்டார் என்பதை இந்த எண்களே சொல்லும்.

அப்படியானால் 2022 மே 4 அன்று சந்தை ஏன் அப்படி விழுந்தது? இதைப் புரிந்துகொள்ளக் கமிஷன் கடையில் ஒரு தை மாதம் உட்கார்ந்தால் போதும். மூட்டை வந்து இறங்கிய பிறகுதான் உளுந்து விலை இறங்கும் என்று வெளியே இருப்பவர்கள் நினைப்பார்கள். ஐப்பசியில் மழை நன்றாகப் பெய்தது, கார்த்திகையில் பூ நன்றாக எடுத்தது என்ற சேதி வந்தவுடனேயே வியாபாரி விலையைக் குறைத்துவிடுவார். அறுவடை வரும்போது விலையில் பெரிய மாற்றம் இருக்காது. நினைத்ததைவிட விளைச்சல் குறைந்தாலோ கூடினாலோதான் விலை துள்ளும். பங்குச் சந்தையும் ரெப்போவை இப்படித்தான் பார்க்கிறது. 2025 பிப்ரவரி 7 அன்று ஏறத்தாழ ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு முதல்முறையாக வட்டி குறைந்தது. எல்லோரும் எதிர்பார்த்த கால் சதவீதம்தான். சென்செக்ஸ் 198 புள்ளி இறங்கி முடிந்தது. ஜூன் 6 அன்று கால் சதவீதம் குறையும் என்று எதிர்பார்த்தார்கள், அரை சதவீதம் குறைந்தது. சென்செக்ஸ் 747 புள்ளி ஏறியது. நடுவில் ஏப்ரல் 9-இல் வட்டி குறைந்தபோது அமெரிக்க வரிப் பயத்தில் சந்தை 380 புள்ளி இறங்கியது. ரெப்போ செய்தி டிவியில் வரும்போது அதன் பெரும்பகுதி ஏற்கெனவே விலையில் ஏறி உட்கார்ந்துவிட்டது. மிச்சம் இருப்பது எதிர்பாராத பகுதி மட்டும். அதை முன்கூட்டியே தெரிந்துகொள்ள கோவில்பட்டியிலோ மும்பையிலோ யாருக்கும் வழி இல்லை.

வட்டிக்கும் பங்குக்கும் தொடர்பே இல்லை என்று இதற்குப் பொருள் இல்லை. ஆழமான தொடர்பு உண்டு, ஆனால் அது மெதுவாக வேலை செய்யும். பங்கு என்பது ஒரு கம்பெனி வரும் ஆண்டுகளில் ஈட்டப்போகும் லாபத்தில் ஒரு பாகம். பத்து ஆண்டு கழித்து வரப்போகும் 100 ரூபாய்க்கு இன்று என்ன மதிப்பு? 6 சதவீத வட்டியில் கணக்குப் போட்டால் சுமார் 56 ரூபாய். 8 சதவீதத்தில் போட்டால் 46 ரூபாய்தான். இப்போது லாபம் குறைவு, பிற்காலத்தில் கொழிப்போம் என்று சொல்லும் கம்பெனிகளின் பங்கு வட்டி ஏறும்போது அதிகம் அடிவாங்குவது இதனால்தான். இன்றைக்கே லாபமும் டிவிடெண்டும் கையில் கொடுக்கும் கம்பெனிக்கு அடி குறைவு. ரெப்போ அறிவிப்பைக் கேட்டவுடன் பங்கு தேடுவதற்குப் பதில், தன்னிடம் உள்ள பங்கு இந்த இரண்டில் எந்த ரகம் என்று பார்ப்பது பயனுள்ள வேலை.

அடுத்தது கடன். 2019 அக்டோபர் முதல் வீட்டுக் கடனும் சிறுதொழில் கடனும் ரெப்போ போன்ற வெளி அளவுகோலோடு கட்டப்பட்டிருக்கின்றன. எனக்குத் தெரிந்த தீப்பெட்டி ஆலைக்காரர் ஒருவருக்கு நடைமுறை மூலதனக் கடன் 40 லட்சம். ரெப்போ 4-லிருந்து 6.50 ஆனபோது அவருக்கு ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் கூடுதல் வட்டி. பெட்டிக்குப் பைசாக் கணக்கில் லாபம் பார்க்கிற தொழிலில் ஒரு லட்சம் என்பது ஒரு தீபாவளி போனஸ். 2025-இல் ஒன்றேகால் சதவீதம் குறைந்ததில் பாதி திரும்பி வந்தது. நூற்பாலைகளுக்கு இது இன்னும் கூர்மையாக இருக்கும். பஞ்சு வரும் மாதங்களில் ஆண்டுத் தேவைக்கு வாங்கிக் கிடங்கில் அடுக்க வேண்டும், அதற்குக் கடன் வேண்டும். 2022 மே மாதம் பஞ்சு ஒரு கண்டி ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது. சரக்கு விலையும் வட்டியும் ஒரே மாதத்தில் ஏறின. கடன் அதிகம் உள்ள ஆலைப் பங்கை வைத்திருப்பவர், செய்தித்தாளில் ரெப்போ செய்திக்குப் பக்கத்தில் பஞ்சு விலையையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

வங்கிப் பங்கு வேறு மாதிரி. தூத்துக்குடியில் 1921-இல் நாடார் வங்கியாகத் தொடங்கிய தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி 2022 செப்டம்பரில் பங்குச் சந்தைக்கு வந்தது. அதனால் இந்தப் பக்கத்தில் வங்கிப் பங்கு பற்றிய பேச்சு அதிகம். 'வட்டி குறைஞ்சா பேங்குக்கு நல்லதுதானே' என்கிறார்கள். முதல் சில மாதங்களுக்கு நேர்மாறாகவும் நடக்கும். ரெப்போவோடு கட்டிய கடன்களின் வட்டி விரைவில் குறைந்துவிடும். ஆனால் ஏற்கெனவே கூடுதல் வட்டிக்கு வாங்கிய டெபாசிட் முதிரும் வரை பழைய வட்டியைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும். நடுவில் உள்ள லாபம் சுருங்கும். கடன் வாங்குவோர் கூடி, வாராக்கடன் குறைந்து, நல்லது வந்து சேரப் பிறகு நாளாகும்.

என் கடைக்கு வரும் சம்சாரிக்கு ரெப்போ எவ்வளவு தூரம் எட்டுகிறது? கூட்டுறவுக் கடன் சங்கத்தில் பயிர்க்கடனை உரிய காலத்தில் கட்டினால் தமிழ்நாட்டில் வட்டியே இல்லை. ரெப்போ ஏறினாலும் இறங்கினாலும் அது அப்படியேதான். அங்கே கிடைக்காதவர் நகையை அடகு வைக்கிறார், அல்லது தெரிந்தவரிடம் நூற்றுக்கு இரண்டு, மூன்று மாத வட்டிக்கு வாங்குகிறார். அதுவும் ரெப்போவைக் கேட்டு மாறுவதில்லை. வட்டிக் கொள்கை கரிசல் காட்டுக்குக் கடன் வழியாக வருவது குறைவு, விளைபொருள் விலை வழியாக வருவதே அதிகம். இதைத்தான் நம் முதலீட்டாளர்கள் கவனிக்கத் தவறுகிறார்கள். இந்தக் கட்டுரையை நான் எழுதுவதும் இதற்காகத்தான்.

2016-இல் ரிசர்வ் வங்கிச் சட்டம் திருத்தப்பட்டு, பணவீக்கத்தை 4 சதவீதத்தில் வைக்க வேண்டும், இரண்டு சதவீதம் கூடலாம் குறையலாம் என்று விதி வந்தது. ஆறு பேர் கொண்ட குழு வட்டியை முடிவு செய்கிறது. அவர்கள் பார்க்கும் எண் ஒவ்வொரு மாதமும் 12-ஆம் தேதி வாக்கில் மாலை நான்கு மணிக்கு, சந்தை முடிந்த பிறகு வெளிவருகிறது. 2012-ஐ அடிப்படையாகக் கொண்ட பழைய தொடரில் உணவு, பானங்களின் எடை 45.86 சதவீதம். 2024-ஐ அடிப்படையாகக் கொண்டு வந்திருக்கும் புதிய தொடரில் அது குறைக்கப்பட்டிருக்கிறது, ஆனாலும் உணவே பெரிய பகுதி. மும்பையில் ஆறு பேர் வட்டியை மாற்றினால் மழை பெய்யாது, தக்காளி காய்க்காது. ஆகவே உணவு விலையைக் கட்டுப்படுத்தும் வேலையை மத்திய அரசு வேறு வழிகளில் செய்கிறது: இறக்குமதி, இருப்புக் கட்டுப்பாடு, ஏற்றுமதித் தடை.

2023-ஐ நினைத்துப் பாருங்கள். அந்த ஆகஸ்டில் நாடு முழுக்க மழை பொய்த்தது. ஜூன் 2-ஆம் தேதியே துவரைக்கும் உளுந்துக்கும் இருப்பு வரம்பு வந்துவிட்டது. இத்தனை டன்னுக்கு மேல் கிடங்கில் வைக்கக் கூடாது என்று. டிசம்பரில் மஞ்சள் பட்டாணிக்கு இறக்குமதி வரி நீக்கப்பட்டது. அந்த டிசம்பரில் பருப்பு வகைகளின் பணவீக்கம் 20.73 சதவீதம். நல்ல விலை. ஆனால் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையில் தூத்துக்குடி மாவட்டமே மூழ்கியது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். எங்கள் கரிசலில் கண்மாய்கள் உடைந்து, பறிக்க வேண்டிய உளுந்தும் பாசியும் நின்ற இடத்திலேயே அழுகின. விலை இருந்தது, விற்க மூட்டை இல்லை. அதே டிசம்பர் 27 அன்று சென்செக்ஸ் 72 ஆயிரத்தைத் தாண்டியது. அன்று மாலை என் கடையில் இருந்த ஒரு புதூர்ச் சம்சாரி டிவியைப் பார்த்துவிட்டு, "இது எந்த ஊரு அண்ணாச்சி?" என்று கேட்டார். அவருடைய மகன் மாதம் இரண்டாயிரம் ரூபாய் எஸ்ஐபி போடுகிறவன். இரண்டும் ஒரே குடும்பம்.

அடுத்து 2025 அக்டோபரை எடுத்துக்கொள்வோம். பணவீக்கம் 0.25 சதவீதம். 2012 தொடரிலேயே மிகக் குறைவு. முந்தைய ஆண்டு அக்டோபரைவிடக் காய்கறி விலை 27.57 சதவீதம் கீழே, பருப்பு வகை 16.15 சதவீதம் கீழே. 2024 அக்டோபரில் 6.21 என்று உயர்ந்திருந்ததால் ஒப்பிடும் அளவும் சாதகமாக அமைந்தது. செப்டம்பரில் ஜிஎஸ்டி குறைந்ததும் சேர்ந்துகொண்டது. டிவியில் ஒரே மகிழ்ச்சி. வட்டி குறையும், சந்தை பறக்கும் என்றார்கள். அந்த எண் வெளியான நவம்பர் 12 அன்று எங்கள் மானாவாரிக் காட்டில் உளுந்து பூவெடுக்கும் பருவம். உரத்துக்கும் களையெடுப்புக்கும் முந்தைய ஆண்டைவிடக் கூடுதலாகச் செலவழித்து, முந்தைய ஆண்டைவிடக் குறைந்த விலைக்கு விற்கப்போகிறோம் என்று சம்சாரிக்கு அன்று தெரிந்துவிட்டது. உளுந்துக்குக் குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 7,800 ரூபாய் என்று அந்த ஆண்டு அறிவித்திருந்தார்கள். பக்கத்தில் கொள்முதல் நிலையம் திறந்து, தட்டாமல் எடுத்து, பணத்தையும் உடனே போட்டால்தான் அது விலை. மறுபக்கம் மியான்மர் உளுந்து வரியில்லாமல் வருவதற்கான அனுமதியை 2026 மார்ச் வரை நீட்டித்தே வைத்திருந்தார்கள்.

விலைவாசி குறையக் கூடாது என்று நான் சொல்லவில்லை. தினக்கூலிக்குத் தீப்பெட்டி ஆலைக்குப் போகிற பெண்ணுக்கு இட்லி மாவு விலை குறைவது பெரிய நிம்மதி. கடலை மிட்டாய் போடுகிறவர் கடலையும் வெல்லமும் மலிவாகக் கிடைக்கட்டும் என்றுதான் வேண்டுவார். அவர்களும் என் ஊர்தான். நான் சொல்வது முதலீட்டாளருக்கு. பணவீக்கம் குறைந்த செய்தி எல்லாம் ஒரே வகைச் செய்தி இல்லை. விளைச்சல் பெருகி, போக்குவரத்துச் செலவு குறைந்து, விலை இறங்கினால் வாங்குபவர் கையில் காசு மிஞ்சும், விற்பவரும் அளவில் ஈடுகட்டிக்கொள்வார். விளைவித்தவரின் விலையை இறக்குமதியால் அமுக்கி எண்ணைக் குறைத்தால், கிராமத்தில் செலவழிக்கக் காசு இருக்காது. சோப்பு, பிஸ்கட், பைக், டிராக்டர் விற்கும் கம்பெனிகளின் பங்கைத்தானே உங்கள் மியூச்சுவல் ஃபண்ட் வைத்திருக்கிறது? தை அறுவடைப் பணத்தில்தான் விளாத்திகுளத்தில் பைக் விற்கும். கம்பெனியின் விற்பனையும் லாபமும் ரூபாயில்தான் கணக்கிடப்படுகின்றன. விலை ஏறாத நாட்டில் அந்த ரூபாய்க் கணக்கும் மெதுவாகத்தான் வளரும். வட்டி குறைந்த 2025-இல் சந்தை ஏன் பறக்கவில்லை என்று கேட்பவர்களுக்கு இதுவும் ஒரு பதில். வெளிநாட்டு முதலீட்டாளர் விற்றதும், அமெரிக்க வரியும் மற்ற பதில்கள்.

ஆகவே 12-ஆம் தேதி எண்ணைப் பார்க்கும்போது தலைப்பில் உள்ள ஒற்றை எண்ணோடு நிறுத்த வேண்டாம். எது ஏறியது, எது இறங்கியது என்று உள்ளே பாருங்கள். உணவும் எரிபொருளும் நீக்கிய மூலப் பணவீக்கம் என்ன, பருப்பு என்ன, காய்கறி என்ன. காய்கறியால் ஏறிய எண் மூன்று மாதத்தில் இறங்கிவிடும். 2023 ஜூலையில் தக்காளியால் 7.44-க்குப் போனது, வட்டி அசையவில்லை, சந்தையும் பெரிதாகக் கலங்கவில்லை. மூலப்பொருளிலும் கூலியிலும் ஏறியது அப்படி இறங்காது. 2021-இன் தீப்பெட்டி விலை ஏற்றம் அந்த வகை.

ஓய்வுபெற்ற பெரியவர்களைப் பற்றிப் பேசாமல் இந்த விஷயம் முடியாது. 2020 மே மாதம் ரெப்போ 4 சதவீதத்துக்கு இறங்கியது. பத்து லட்சம் ரூபாய் டெபாசிட்டுக்கு ஏழரை சதவீதத்தில் 75 ஆயிரம் வாங்கியவர், ஐந்தரை சதவீதத்தில் புதுப்பித்து 55 ஆயிரம் வாங்கினார். மாத மருந்துச் செலவு குறையவில்லை. அப்படி வெளியே தள்ளப்பட்டவர்களில் பலர் பங்குச் சந்தைப் பக்கம் வந்தார்கள். 2020 மார்ச்சில் நாட்டில் நான்கு கோடி அளவில் இருந்த டீமேட் கணக்குகள் 2023 ஆகஸ்டில் பத்துக் கோடியையும், 2025-இல் இருபது கோடியையும் தாண்டின. செல்போனும் இளைஞர்களும் பெரிய காரணம். டெபாசிட் வட்டி வீழ்ந்ததும் ஒரு காரணம். 2025-இல் ரெப்போ குறைந்தபோது அதே கதவு மறுபடி திறந்தது. டெபாசிட் முதிர்ந்த பெரியவர்களிடம் ஃபண்ட் விற்பவர்கள் வரத் தொடங்கிவிட்டார்கள். அந்தப் பெரியவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: மாதாமாதம் சாப்பாட்டுக்கும் மருந்துக்கும் தேவையான பணம் பங்கில் இருக்கக் கூடாது. தபால் நிலையத்தின் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் 2023 ஏப்ரல் முதல் 8.2 சதவீதம் தருகிறது. ரெப்போ நான்கு முறை குறைந்த 2025-இலும் அந்த வட்டி குறையவில்லை. முதலில் அங்கே போங்கள். ஏழு, எட்டு ஆண்டு தொடத் தேவையில்லாத பணம் மிச்சம் இருந்தால் மட்டும் பங்கு.

இளைஞர்களிடம் இன்னும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ரிசர்வ் வங்கி முடிவு வரும் காலை பத்து மணிக்கு, செல்போனில் ஆப்ஷன் வாங்கிவிட்டுக் காத்திருக்கும் தம்பிகள் எங்கள் ஊரிலும் இருக்கிறார்கள். ஏறினாலும் லாபம் இறங்கினாலும் லாபம் என்று யாரோ வீடியோவில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். முடிவு நாளுக்கு முன்பே பதற்றத்தால் ஆப்ஷன் விலை ஊதிப்போயிருக்கும். முடிவு வந்த நிமிடமே அந்தப் பதற்றம் வடிந்து, சந்தை நீங்கள் நினைத்த திசையில் போனாலும் ஆப்ஷன் விலை சரியும். 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளைப் பங்குச் சந்தைக் கண்காணிப்பு அமைப்பான செபி ஆராய்ந்தபோது, ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன் வர்த்தகத்தில் ஈடுபட்ட தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டமடைந்திருந்தார்கள். மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். அந்தப் பணத்தில் ஒரு பகுதி கரிசல் காட்டில் மிளகாயும் மல்லியும் விற்ற பணம். தம்பி, அந்த ஆப்பை இன்றைக்கே செல்போனிலிருந்து எடுத்துவிடு.

விவசாயமும் பங்கும் சேர்ந்து உள்ள குடும்பங்கள் ஒன்றை எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்: புரட்டாசி விதைப்புச் செலவு, பள்ளிக் கட்டணம், நகையைத் திருப்ப வேண்டிய தேதி. இந்தப் பணம் வங்கியில் இருக்கட்டும். மழை பொய்த்த ஆண்டிலும், வட்டி ஏறிச் சந்தை விழுந்த ஆண்டிலும் பங்கை நஷ்டத்துக்கு விற்காமல் இருக்க அதுதான் பாதுகாப்பு. 2022 ஜூனில் சென்செக்ஸ் 51 ஆயிரத்துச் சில்லறைக்கு இறங்கியபோது விற்றவர்களில் நான் பார்த்த பெரும்பாலோர் சந்தையைப் பற்றிய கருத்து மாறியதால் விற்கவில்லை. விதைப்பு வந்துவிட்டது, கையில் வேறு பணம் இல்லை. அவ்வளவுதான்.

மத்திய அரசிடமும் ஒரு கோரிக்கை. உளுந்து, துவரை இறக்குமதி வரிச் சலுகையை எங்கள் விதைப்பு முடிந்த பிறகு நீட்டிக்கும் பழக்கத்தை விடுங்கள். ஆவணியிலேயே, விதைப்புக்கு முன், அடுத்த தை, மாசி வரைக்குமான முடிவைச் சொல்லிவிடுங்கள். உளுந்து போடுவதா மக்காச்சோளம் போடுவதா என்று சம்சாரி முடிவு செய்துகொள்வார். ஆதரவு விலை அறிவித்தால் கோவில்பட்டி, விளாத்திகுளம், புதூரில் தை பிறந்தவுடன் கொள்முதல் நிலையத்தைத் திறந்து வையுங்கள்.